விழாக்களைத் தேடிப் போவோம்

நம் நாட்டில் குளிர்காலம் இல்லை. ஆனால் குளிர்கால விழா ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாள் சீனக் குடும்பங்கள் ஒன்றுகூடி, அரிசிமாவில் உருட்டிய வண்ண உருண்டைகளை இஞ்சி மணக்கும் சர்க்கரைப் பாகில் இட்டு உண்கின்றன. 'டோங்சி' என்பது அவ்விழாவின் பெயர். ஆண்டிலேயே பகல் மிகக் குறுகிய நாளில் வடபுலத்தில் கொண்டாடப்பட்ட விழா அது. பகலும் இரவும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும் நம் மண்ணுக்கும் வந்து சேர்ந்து, இன்றும் நிலைத்து நிற்கிறது. அந்த உருண்டையைத் தின்றால் வயதில் ஓர் ஆண்டு கூடிவிடும் என்று என் சீன நண்பரின் தாயார் சொல்லிக் கிண்ணத்தை நீட்டுவார். வேண்டாம் என்று எவரும் சொன்னதில்லை.

இதை ஏன் சொல்கிறேன்? ஆண்டிறுதி நெருங்கும்போதெல்லாம் பல்கலைக்கழக விடுதிகளில் ஒரு பேச்சு கிளம்பும்: "இந்த விடுமுறைக்கு எங்கே போவது?" நான் மாணவனாக இருந்தபோதும் இதே கேள்விதான். கெந்திங் மலையின் குளிர், பேரங்காடியில் பஞ்சால் செய்த பனி, கையில் கொஞ்சம் பணம் இருந்தால் கொரியாவோ ஜப்பானோ என்றுதான் பட்டியல் நீளும். இவற்றில் எதையும் நான் குறை கூறவில்லை. இளமையில் ஊர் சுற்றாமல் எப்போது சுற்றுவது? ஆனால் டிசம்பர் நடுப்பகுதி முதல் பிப்ரவரி வரை, மழையும் விழாவும் ஒன்றாக வரும் அந்த இரண்டு மாதங்களில், நம் நாட்டுக்குள்ளேயே பயணம் செய்து பார்க்க வேண்டிய விழாக்கள் எத்தனை என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

டோங்சி, கிறிஸ்துமஸ், போகி, பொங்கல், தைப்பூசம், சீனப் புத்தாண்டு என்று வரிசையாக வருகின்றன. இவற்றை நாம் அறியாதவர்கள் அல்லர். நாட்காட்டியில் சிவப்பு எழுத்தாகவும், வகுப்பு இல்லாத நாளாகவும், கைப்பேசியில் வரும் வாழ்த்துப் படமாகவும் அறிவோம். ஆனால் அந்த விழா வேரூன்றிய ஊருக்குப் போய், அந்த மக்களின் வாசலில் நின்று, அவர்கள் கொடுப்பதைக் கையில் வாங்கி அறிந்தவர்கள் மிகச் சிலரே. அந்தப் பயணத்தைத்தான் இக்கட்டுரையில் வலியுறுத்த விரும்புகிறேன். விழா என்பது வருகிறவர்களால் வாழ்வது. வருகிறவர்கள் குறைந்தால், கொண்டாடுகிறவர்களும் ஒருநாள் குறைந்துவிடுவார்கள். நான் போய்வந்த சில ஊர்களைக் கொண்டே இதை விளக்குகிறேன்.

கடலோரக் கிறிஸ்துமஸ்

முதலில் மலாக்கா. கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர். விரைவுப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பலரும் ஜோங்கர் தெருவில் நடந்து, செண்டோல் குடித்து, சிவப்புக் கட்டடத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். உஜோங் பாசிரில் கடலையொட்டி இருக்கும் போர்த்துகீசியக் குடியிருப்பை எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. டிசம்பர் இறுதியில் அங்குப் போக வேண்டும்.

1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தார்கள். 1641இல் டச்சுக்காரர்களிடம் இழந்தார்கள். ஆட்சி போனாலும் அவர்கள் வழி வந்த கலப்பினக் குடும்பங்கள் இங்கேயே தங்கிவிட்டன. சிதறிக் கிடந்த அந்த ஏழை மீனவக் குடும்பங்களுக்கு ஓர் இடம் வேண்டுமென்று இரண்டு பாதிரியார்கள் முயன்றதால் 1930களில் 28 ஏக்கரில் உருவானதே இந்தக் குடியிருப்பு. அங்குப் பேசப்படும் 'கிறிஸ்தாங்' மொழி பழைய போர்த்துகீசியமும் மலாயும் கலந்தது. அதைச் சரளமாகப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள்.

கிறிஸ்துமஸ் காலத்தில் வீடுகள் விளக்குகளால் மின்னும். கதவுகள் திறந்திருக்கும். தெருவில் நடக்கும் அந்நியர்களைப் பார்த்து "போங் நதால்" என்று வாழ்த்துவார்கள். மேசையில் ரவைக் கேக் இருக்கும். கடுகும் காடியும் சேர்ந்து காரம் ஏறிய 'கறி டெபால்' இருக்கும். பெருநாள் விருந்தில் மிஞ்சிய இறைச்சியைக் கொண்டு சமைக்கப்பட்ட கறி அது என்பார்கள். மிஞ்சியதை வீணாக்காத வீட்டுப் பெண்களின் கைத்திறன்தான் இன்று மலாக்காவின் புகழ்பெற்ற உணவாகியிருக்கிறது. தீபாவளிக்கு மறுநாள் நம் வீடுகளில் கொதிக்கும் ஆட்டிறைச்சிக் குழம்பின் சுவையை அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

ஆனால் விளக்கொளியை மட்டும் பார்த்துவிட்டு வருவது போதாது. அவ்வூரின் பழைய தொழில் மீன்பிடிப்பு. கரையோரத்தில் கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டங்களால் தங்கள் வாழ்வாதாரம் நலிகிறது என்று அம்மக்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். கடல் விலகிப் போனால் மீனவர் எங்கே போவார்? இளையோர் வேலை தேடிச் சிங்கப்பூருக்கும் தலைநகருக்கும் போகிறார்கள். கிறிஸ்துமஸுக்குத் திரும்பி வருகிறார்கள். அந்த ஒருசில நாள்களில்தான் அக்குடியிருப்பு முழுமையடைகிறது. தோட்டப்புறத்தில் பிறந்த எவருக்கும் இந்தக் கதை புதிதாக இருக்காது.

மழைக்கு அப்பால் சரவாக்

அதே கிறிஸ்துமஸைக் கடல் கடந்து சரவாக்கில் பார்ப்பது வேறோர் அனுபவம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அம்மாநிலத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள். தீபகற்பத்தில் பேரங்காடிகளின் விற்பனை விழாவாகத் தெரியும் கிறிஸ்துமஸ், அங்கே கிராமத்து விழா. ஈபான், பிடாயூ மக்களின் ஊர்களில் வீடு வீடாகப் போய்ச் சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வீட்டைத் தாண்டிப் போனால் அந்த வீட்டார் மனம் நோவார்கள். வடகிழக்குப் பருவமழை அடித்துக்கொண்டிருக்கும். சேற்றில் செருப்பைத் தூக்கிக்கொண்டு நடப்பதும் விழாவில் ஒரு பகுதிதான்.

உங்கள் விடுதியில் நிச்சயம் ஒரு சரவாக் மாணவர் இருப்பார். ஆண்டிறுதியில் விமானக் கட்டணம் ஏறிவிடும் என்பதால் முன்கூட்டியே பயணச்சீட்டு எடுத்து வைத்திருப்பார். அவரிடம், "நானும் வரலாமா?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இப்படிக் கேட்ட என் நண்பர்களில் எவருக்கும் 'முடியாது' என்ற பதில் கிடைத்ததில்லை.

அங்கே போகும் தமிழ் மாணவர்கள் இன்னோர் இடத்தையும் பார்த்துவிட்டு வர வேண்டும். கூச்சிங் நகருக்கு அருகில் மாத்தாங் மலையில், பெலியான் மரத்தால் கட்டப்பட்ட ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. புரூக் மன்னர்கள் ஆண்ட காலத்தில் அம்மலையில் தேயிலைத் தோட்டம் போட்டார்கள். அதில் உழைக்கத் தமிழர்களைக் கொண்டுவந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டம் மூடப்பட்டது; ஆட்கள் கலைந்து போனார்கள். காட்டுக்குள் மறைந்து கிடந்த கோயில் பல பத்தாண்டுகளுக்குப் பின் கண்டறியப்பட்டு, மீண்டும் வழிபாட்டுக்கு வந்தது. ஆள் இல்லாத இடத்தில் கோயில் மட்டும் காத்திருந்தது. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்கு வாருங்கள்.

தமிழ் பேசாத போகி

மீண்டும் மலாக்கா. இம்முறை ஜனவரி நடுப்பகுதி, பொங்கலுக்கு முதல் நாள். இடம், காஜா பெராங்கில் இருக்கும் கம்போங் செட்டி. இக்கட்டுரையில் நான் சொல்லும் ஊர்களில் ஒன்றுக்குத்தான் உங்களால் போக முடியும் என்றால், இதற்கே போங்கள் என்பேன்.

மலாக்கா செட்டிகள், சுல்தான்கள் ஆண்ட காலத்தில் வணிகத்துக்கு வந்து இங்குள்ள பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள். பினாங்குச் செட்டியார்களோடு இவர்களைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர்கள் பிற்காலத்தில் வந்தவர்கள். ஆங்கிலேயர் கொண்டுவந்த ஒப்பந்தக் கூலிகளுக்கும் இரப்பர்த் தோட்டங்களுக்கும் முன்பே மலாக்கா செட்டிகள் இம்மண்ணின் மக்களாகிவிட்டார்கள். தங்கத் தட்டார் தெருவில், 1781இல் டச்சுக்காரர்கள் தந்த நிலத்தில் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இவர்களுடையது. ஒரே தெருத்தொடரில் பள்ளிவாசலும் சீனக் கோயிலும் விநாயகர் கோயிலும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 2008இல் மலாக்கா உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டபோது பெருமைக்குரிய அடையாளங்களில் ஒன்றாக அத்தெருவும் பேசப்பட்டது.

இவர்கள் வீட்டில் பேசுவது ஒருவகை மலாய். பெண்கள் கெபாயா உடுத்துவார்கள். ஆனால் பெயருக்குப் பின்னால் 'பிள்ளை' என்றும் 'செட்டி' என்றும் இருக்கும். நெற்றியில் திருநீறு இருக்கும். போகியன்று முன்னோர்களுக்குப் படையல் இடுகிறார்கள். 'போகி பார்ச்சு' என்று அதற்குப் பெயர். வாழையிலை விரித்து, முன்னோர் விரும்பிய உணவுவகைகளை எல்லாம் பரிமாறி, சாம்பிராணி காட்டி, அவர்கள் வந்து உண்ணுமாறு வேண்டிக்கொண்டு, வீட்டார் விலகி நின்று காத்திருப்பார்கள். அதன் பிறகே குடும்பத்தாரும் விருந்தினரும் உண்பார்கள். இலையில் சம்பலும் உண்டு. மலாய்ப் பலகாரமும் உண்டு. 'பார்ச்சு' என்ற சொல்லைக் கேட்டதும் நம் பேச்சுவழக்கில் உள்ள 'படைச்சு' என்பதன் திரிபாக இருக்குமோ என்று எனக்குத் தோன்றியது. மொழியியல் படிக்கும் தம்பி தங்கைகள் ஆராய்ந்து சொல்லட்டும்.

அங்கே நின்றபோது எனக்குள் எழுந்த கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். 'மொழி அழிந்தால் இனம் அழியும்' என்று நம் தமிழ்மொழிக் கழக மேடைகளில் எத்தனை முறை முழங்கியிருக்கிறோம்! நானும் முழங்கியவன்தான். அந்த முழக்கத்தில் எனக்கு இன்றும் நம்பிக்கை உண்டு. ஆனால் மொழியை இழந்து பல தலைமுறைகள் கடந்த பின்னும் போகியை விடாமல் வைத்திருக்கும் மக்கள் நம் கண்முன் இருக்கிறார்களே, அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? மறுபக்கம், தமிழை நன்றாகப் பேசிக்கொண்டு, தமிழில் கவிதையும் எழுதிக்கொண்டு, போகியன்று வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டால் தெரியாமல் விழிக்கும் நம்மைப் பற்றி என்ன சொல்வது?

நான் கண்ட விடை இது: மொழி நமக்குச் சொல்லைத் தருகிறது, விழா அந்தச் சொல்லுக்கு ஓர் இடத்தையும் நாளையும் கையால் செய்யும் வேலையையும் தருகிறது. செட்டி மக்கள் சொல்லை இழந்து செயலைக் காத்தார்கள். நாம் சொல்லைக் காத்துக்கொண்டே செயலை இழந்து வருகிறோம். இரண்டுமே இழப்புதான். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்தால் ஒருவேளை இருவருக்கும் ஏதாவது மீளக்கூடும். அவர்களின் எண்ணிக்கை பெரிதன்று. கிராமத்தையொட்டி உயர்ந்த கட்டடங்கள் எழுவதை எதிர்த்து அவர்கள் போராடிய செய்தி 2010களில் நாளேடுகளில் வந்தது. அப்போது படித்துவிட்டு வருந்தியவர்கள் பலர். போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பதை நாம்தாம் சொல்ல வேண்டும்.

தோட்டத்துப் பொங்கல்

போகிக்கு மறுநாள் பொங்கல். நம் நாட்டில் பொங்கலுக்குப் பொது விடுமுறை இல்லை. அதனால் வேலைக்குப் போகிறவர்கள் விடியலில் பொங்கலிட்டுவிட்டு ஓடுவார்கள். மாணவர்கள் விடுதியில் இருந்துவிடுவார்கள். வளாகத்தில் நம் கழகங்கள் நடத்தும் 'ஒற்றுமைப் பொங்கல்' பாராட்டுக்குரியது. ஆனால் எரிவாயு அடுப்பில் வரிசையாகப் பானை வைத்து, நடுவர் மதிப்பெண் போட்டு, பரிசு கொடுத்து முடியும் அந்நிகழ்ச்சியோடு பொங்கலை அறிந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது.

கெடாவிலும் பேராக்கிலும் இன்னும் ஆள் இருக்கும் சில தோட்டங்கள் உண்டு. அப்படியொரு தோட்டத்தில் மாட்டுப் பொங்கலுக்குப் போயிருக்கிறேன். இரப்பர் போய்ச் செம்பனை வந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. லயங்களில் பாதி பூட்டிக் கிடந்தன. இருந்தும் மாடு வளர்ப்பவர்கள் விடவில்லை. கொம்புக்கு வண்ணம் தீட்டி, கழுத்தில் மாலை கட்டி, கொட்டகை வாசலில் மூன்று கல் வைத்து விறகடுப்பில் பொங்கினார்கள். பால் பொங்கியபோது குலவையிட மூன்று பாட்டிமார் மட்டுமே இருந்தார்கள். இளம்பெண்கள் சிரித்துக்கொண்டு கைப்பேசியில் படம் பிடித்தார்கள். குலவை இடத் தெரியவில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் அவர்கள் தாமானில் வளர்ந்தார்கள். தாமான் வீட்டில் குலவையிட்டால் பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம் இருக்கும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, விற்கப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாக மாறிய கதையை நாம் கட்டுரைகளிலும் சிறுகதைகளிலும் போதுமான அளவு எழுதிவிட்டோம். அழுததும் போதும். இன்னும் எஞ்சியிருக்கும் தோட்டத்துக்குப் பத்து மாணவர்கள் ஒரு வேனில் போய் இறங்கினால் அந்தப் பாட்டிமாரின் முகம் எப்படி மலரும் என்பதை எண்ணிப் பாருங்கள். குலவையைக் கற்றுத்தரச் சொல்லுங்கள், ஒலிப்பதிவு செய்யுங்கள். எந்த விரிவுரையிலும் கிடைக்காத பாடம் அது.

தண்ணீர்மலையும் கரும்பும்

தைப்பூசம் என்றதும் பத்துமலை நினைவுக்கு வரும். 1892 முதல் அங்கே தைப்பூசம் கொண்டாடப்படுகிறது, 272 படிகள், 2006இல் திறக்கப்பட்ட 140 அடி உயர முருகன் சிலை. இவை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. ஒருமுறையாவது பத்துமலைக்குப் போகாமல் பினாங்குக்குப் போங்கள் என்பதே என் வேண்டுகோள். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்கு மின்தொடர்வண்டி ஓடுகிறது. இறங்கிப் படகேறினால் ஜார்ஜ்டவுன்.

பினாங்குத் தைப்பூசத்தின் அழகு பூசத்துக்கு முதல் நாளே தொடங்கிவிடுகிறது. 'செட்டிப் பூசம்' என்று அதைச் சொல்வார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் 1894இல் காரைக்குடியில் செய்வித்துக் கப்பலில் கொண்டுவந்த வெள்ளி ரதத்தை மாடுகள் இழுக்க, பினாங்குத் தெருவின் கோயில் வீட்டிலிருந்து முருகன் தண்ணீர்மலை நோக்கிப் புறப்படுகிறார். 2017இல் தங்க ரதமும் சேர்ந்தது. வழிநெடுகச் சாலையில் தேங்காய் மலைபோல் குவிந்திருக்கும். உடைப்பவர்களில் பலர் சீனர்கள். நேர்த்திக்கடன் அவர்களுக்கும் உண்டு. ரதம் வருமுன் தேங்காய்கள் சிதறும் ஓசையைக் கேட்டால் மழை இடிந்து விழுவது போலிருக்கும். தண்ணீர்ப் பந்தல்களில் எந்த இனத்தாருக்கும் இலவசமாக உணவும் மோரும் கிடைக்கும். தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் 513 படிகளையும் ஏறி நின்று திரும்பிப் பார்த்தால் நகரமும் கடலும் தெரியும்.

தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் சில ஆண்டுகளில் அடுத்தடுத்து வரும். அப்படி அமைந்தால் பினாங்கிலேயே சில நாள் தங்கி, சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு கடலோர மரத்தூண்களின்மேல் நிற்கும் 'சியூ' குலத்தாரின் படகுத்துறைக்குப் போங்கள். ஹொக்கியன் சீனர்கள் நள்ளிரவில் வானுலக வேந்தருக்குப் படையல் இடும் விழா அது. படையல் மேசையின் இருபுறமும் தோகையோடு முழுக் கரும்பு கட்டியிருக்கும்! முன்னொரு காலத்தில் அவர்களின் முன்னோர் பகைவருக்கு அஞ்சிக் கரும்புத் தோட்டத்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார்கள் என்றும், ஒன்பதாம் நாள் வெளியே வந்து நன்றி செலுத்தினார்கள் என்றும் கதை சொல்கிறார்கள். அவர்கள் மொழியில் கரும்பைக் குறிக்கும் சொல்லும் நன்றியைக் குறிக்கும் சொல்லும் ஒலியில் நெருங்கி நிற்கின்றன.

கரும்பை நாம் பொங்கல் பானைக்கு அருகில் நிறுத்துகிறோம். அவர்கள் வானவர் படையலுக்கு அருகில் நிறுத்துகிறார்கள். இருவரும் நன்றி சொல்லவே நிறுத்துகிறோம். இதை நான் எந்த ஒற்றுமைப் பிரச்சார ஏட்டிலும் படித்து அறியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு சீன மூதாட்டியிடம், "எங்கள் விழாவிலும் கரும்பு உண்டு, பாட்டி" என்று மலாயில் சொன்னேன். அவர் மேசையிலிருந்து ஓர் ஆரஞ்சுப் பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். மூவின ஒற்றுமை பற்றிப் பள்ளியில் பல கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அன்றுதான் அதற்கு ஓர் எடை உண்டென்று தெரிந்தது.

எழக்கூடிய தடைகள்

இதைப் படிக்கும் மாணவர்கள் சிலருக்கு மூன்று கேள்விகள் எழலாம்.

முதலாவது, காசு. கல்விக் கடனில் படிக்கிறவர்களுக்குப் பயணம் ஆடம்பரம்தானே? மலாக்காவுக்குப் பேருந்தில் போய்வர ஆகும் செலவு, பேரங்காடியில் ஒரு திரைப்படமும் ஒரு விரைவுணவும் கேட்கும் தொகையைவிடப் பெரிதாக இருந்துவிடப் போவதில்லை. நண்பர் வீட்டில் தங்கினால் விடுதிச் செலவும் இல்லை. சரவாக் பயணத்துக்குக் கொஞ்சம் சேமிக்க வேண்டும், உண்மைதான். தேர்வும் விழாவும் மோதும் ஆண்டுகளும் உண்டு. ஆண்டுக்கு ஓர் ஊர் போதும். படிப்பு முடிவதற்குள் மூன்று நான்கு ஊர்களாவது ஆகிவிடும்.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கடினமானது. "நம் வீடே ஒழுகுகிறது; மற்றவர் வீட்டு விழாவைப் பார்க்கப் போக வேண்டுமா? நம் தமிழ்ப்பள்ளிகளையும் கோயில்களையும் முதலில் பார்ப்போம்" என்று மூத்த நண்பர் ஒருவர் என்னிடமே கேட்டார். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் சிறுபான்மையாக வாழும் மக்களுக்கு அண்டை வீட்டாரின் நட்பு ஓர் அரண் என்பதை மறக்கக் கூடாது. நம் கோயிலுக்கோ பள்ளிக்கோ ஓர் இடர் வரும்போது, நம் விழாவுக்கு வந்து நம் கையால் உண்டவர்தான் நமக்காகப் பேசுவார். அவர் வர வேண்டுமென்றால் நாமும் போயிருக்க வேண்டும் அல்லவா? மேலும், நான் சொன்னவற்றில் பாதி நம் விழாக்களே. அவற்றுக்குக்கூட நாம் போவதில்லை என்பதுதான் உண்மை.

மூன்றாவது கேள்வி: "பிறர் வழிபாட்டைக் காட்சிப் பொருளாக்கி விடமாட்டோமா?" ஆக்கிவிடக் கூடும். காவடி எடுப்பவரின் முகத்துக்கு நேரே படக்கருவியை நீட்டும் பயணிகளைப் பார்த்து நாம் முகம் சுளித்திருக்கிறோம். அதே தவற்றை நாம் இன்னொருவர் வீட்டில் செய்யலாமா? ஆகவே விருந்தாளிக்குரிய ஒழுங்கு வேண்டும். முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போக வேண்டும். வெறுங்கையோடு போகக் கூடாது. படையலுக்கு முன் படம் எடுக்கலாமா என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். கொடுத்ததை உண்ண வேண்டும். உண்ண இயலாதது எதுவென்று பணிவாகச் சொல்ல வேண்டும். முடிந்தால் தட்டு கழுவக் கை கொடுக்க வேண்டும். 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பதை நினைவில் வைத்து நேரத்தோடு புறப்பட வேண்டும். வீட்டுக்கு வந்தபின் ஒரு நன்றிச் செய்தி அனுப்ப வேண்டும். சுற்றுலாப் பயணிக்கும் விருந்தாளிக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். ஆனால் இது சிறிய வேறுபாடன்று.

கழகத்துக்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாக நம் கழகத்தின் இன்றைய பொறுப்பாளர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். பேச்சுப் போட்டி, கவிதைப் போட்டி, நாடக விழா, பட்டிமன்றம் என்று உங்கள் நாள்குறிப்பு நிறைந்திருப்பதை அறிவேன். அவற்றோடு ஆண்டுக்கு ஒரு விழாப் பயணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாண்டு மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் ஒரே பேருந்தில் போகட்டும். செலவில் ஒரு பகுதியை முன்னாள் மாணவர்களாகிய நாங்கள் ஏற்றுக்கொள்வதில் எங்களுக்கு மறுப்பு இருக்காது. இந்த ஆண்டு காஜா பெராங்கின் போகி. அடுத்த ஆண்டு ஏதேனும் ஒரு தோட்டத்து மாட்டுப் பொங்கல். அதற்கடுத்த ஆண்டு பினாங்கு என்று முறை வைத்துக்கொள்ளலாம்.

போய்வந்தவர்கள் ஒவ்வொருவரும் இரண்டு பக்கம் எழுதட்டும். யாரைச் சந்தித்தோம், என்ன உண்டோம், எந்தச் சொல்லைப் புதிதாகக் கற்றோம், அந்த ஊரில் எது மறைந்து வருகிறது என்று எழுதட்டும். பாட்டிமாரின் குலவையும், செட்டிக் குடும்பங்களின் படையல் முறையும், கிறிஸ்தாங் முதியவரின் கதையும் இந்த ஆண்டுமலரில் இடம்பெறட்டும். பத்து ஆண்டுகள் கழித்து, அவற்றில் சில வேறெங்கும் கிடைக்காமல் போகலாம். அப்போது இம்மலரின் பழைய இதழ்களைத் தேடி ஆய்வாளர்கள் வருவார்கள்.

'ஊர் கூடித் தேர் இழு' என்பது நம்மவர் வாக்கு. ஊர் சிறுத்துப்போன இடங்களில் தேர் நின்றுபோகாமல் இருக்க வேண்டுமென்றால் வெளியூர்க்காரர்களும் வடம் பிடிக்க வேண்டியதுதான். இந்த ஆண்டிறுதிக்கு எங்கே போவது என்ற பேச்சு விடுதியில் எழும்போது, இந்த ஊர்களில் ஏதேனும் ஒன்றின் பெயரையும் சொல்லிப் பாருங்கள். நான்கு பேர் சேர்ந்தால் போதும்; ஒரு மகிழுந்து நிறைந்துவிடும்.